தண்ணீர் கொடுத்த பையன் என்ன தப்புச் செய்தான்?

ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி.

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சாலை. இரவு ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் போகின்றன. பால்காரர் போகிறார். ரோஜாப்பூ மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஒரு விவசாயி சந்தைக்குப் போகிறார்.

சாலை ஓரத்தில் ஒரு மேஜை. மேஜை நிறையத் தண்ணீர் டம்ளர்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு பையன் நிற்கிறான். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். அவன் அப்பா தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்.

அன்று நீண்ட தூர ஓட்டப் போட்டி. ஓடி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது பையனுடைய வேலை. சம்பளம் கிடையாது. ஒரு பனியனும் ஒரு பொட்டலம் பொங்கலும் கொடுப்பார்கள். அதற்காக அவன் 4 மணிக்கே எழுந்து, குளித்து, தலை வாரிக்கொண்டு வந்திருந்தான்.

நானும் அவன் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அதே பனியன், அதே பொங்கல்.

ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி. கையில் பெரிய கடிகாரம். பையன் ஆசையோடு டம்ளரை நீட்டினான். கை தவறிவிட்டது. தண்ணீர் கொட்டிவிட்டது.

"டேய்! ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா? என் டைம் போச்சு!"

இப்படிக் கத்தினார் அந்த மனிதர். வேறு டம்ளரைத் தாமே எடுத்தார். ஒரு வாய் குடித்தார். மிச்சத் தண்ணீரோடு டம்ளரைப் பையன் காலடியில் வீசினார். ஓடிப் போய்விட்டார்.

பையன் முகம் சுண்டிவிட்டது. "சார், நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை.

போட்டி முடிந்த பிறகு, அந்த மனிதருக்கு எத்தனையாவது இடம் என்று விசாரித்தேன். முந்நூற்றுச் சொச்சம்!

கடிகாரம் படுத்தும் பாடு

ஓடுவது நல்லது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம் இது. காலையில் எழுந்து வேர்க்க வேர்க்க ஓடுகிறவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம்.

முன்பெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், போலீசில் சேர விரும்பும் வாலிபர்களும்தான் ஓடினார்கள். இப்போது அப்படி இல்லை. வங்கிக் குமாஸ்தா ஓடுகிறார். டாக்டர் ஓடுகிறார். பேரன் எடுத்த தாத்தா ஓடுகிறார். பெங்களூரில் 10 கிலோ மீட்டர் ஓட்டம் 2008-ம் ஆண்டில் தொடங்கியது. உலகத்தின் பெரிய வீரர்கள் அதில் ஓடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சாதாரண ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னையில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானுக்கு 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள்.

மாரத்தான் என்றால் எவ்வளவு தூரம்? 42 கிலோ மீட்டர், 195 மீட்டர். ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 40 கிலோ மீட்டர். பஸ்சில் போனாலே நமக்கு இடுப்பு வலிக்கிறது. அதைவிட அதிக தூரத்தை இவர்கள் காலால் ஓடுகிறார்கள்! அடேயப்பா!

இவர்கள் யாரும் பரிசுப் பணத்துக்காக ஓடவில்லை. நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு ஓடுகிறார்கள். அப்படியானால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது?

ஒரு காரணம் உடம்பு. நெடுநேரம் ஓடினால் உடம்பில் சர்க்கரை குறையும். தண்ணீர் குறையும். அப்போது எரிச்சல் வரும். பசித்த குழந்தை சிணுங்குகிறதே, அதே மாதிரிதான்.

இன்னொரு காரணம் கடிகாரம். ஓசூர் கடிகாரம் செய்கிற ஊர். டைட்டன் தொழிற்சாலை 1980-களில் இங்கே வந்தது. ஆனால் ஓடுகிறவர்கள் கட்டும் கடிகாரம் மணி மட்டும் காட்டுவது இல்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், இதயம் எத்தனை தடவை துடிக்கிறது, எல்லாவற்றையும் காட்டுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவருக்கு எதிரே நிற்கும் பையனின் முகம் தெரிவது இல்லை. போன தடவையைவிட அரை நிமிஷம் குறைய வேண்டும். அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

எரிச்சல் வரலாம். தப்பில்லை. அந்த எரிச்சலை யார் மேல் கொட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. பக்கத்தில் ஓடும் கம்பெனி மானேஜரின் கால் தடுக்கினால், "பரவாயில்லை சார்" என்கிறார்கள். தண்ணீர் கொடுக்கும் பையன் கை தவறினால் "டேய்" என்கிறார்கள். சர்க்கரை குறைந்தாலும் ஆள் பார்க்கத் தெரிகிறதே!

பத்து மீட்டரில் நடந்த கதை

என் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "போட்டி என்றால் கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கத்தான் செய்யும். சாது எங்கேயாவது ஜெயிப்பானா?" என்றார்.

அவருக்கு ஒரு கதை சொன்னேன். நடந்த கதை.

ஸ்பெயின் நாட்டில் புர்லாதா என்று ஓர் ஊர். 2012-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கே ஓர் ஓட்டப் பந்தயம் நடந்தது. கென்யா நாட்டு வீரர் ஏபெல் முத்தாய் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். அவர் சாதாரண ஆள் இல்லை. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கியவர்.

எல்லைக் கோட்டுக்குச் சில அடி தூரமே இருந்தது. முத்தாய் திடீரென்று நின்றுவிட்டார். பந்தயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்! கூட்டம் கத்தியது. அவருக்கு ஸ்பெயின் பாஷை தெரியாது. ஒன்றும் புரியவில்லை.

இரண்டாவதாக ஓடி வந்தவர் ஸ்பெயின் நாட்டு வாலிபர். பெயர் இவான் பெர்னாண்டஸ் அனயா. அவர் நினைத்திருந்தால் முத்தாயைத் தாண்டிப் போயிருக்கலாம். முதல் பரிசு அவருக்குத்தான். விதிப்படி குற்றமும் இல்லை.

அவர் தாண்டவில்லை. முத்தாயின் பின்னால் நின்றார். "முன்னால் போ, முன்னால் போ" என்று கையால் ஜாடை காட்டினார். முத்தாய் கோட்டைத் தாண்டினார். அனயா இரண்டாவதாக வந்தார்.

இந்தக் கதையோடு என்னென்னவோ வசனங்களை ஒட்டி செல்போனில் அனுப்புகிறார்கள். வசனம் எதற்கு? செய்தது போதாதா? இதில் இன்னொரு விசேஷம். அனயாவின் பயிற்சியாளர் மார்ட்டின் பிஸ். 1995-ம் ஆண்டில் மாரத்தானில் உலகச் சாம்பியன் ஆனவர். "நானாக இருந்தால் தாண்டியிருப்பேன்" என்றே அவர் சொன்னார். குருவே தாண்டச் சொல்லும் இடத்தில் சீடன் நின்றான்!

என் நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது பெரிய இடத்துச் சமாசாரம்" என்றார்.

அங்கேதான் எனக்கு வருத்தம். பரிசுப் பணமும் பேரும் உள்ள வீரன் விட்டுக்கொடுக்கிறான். ஒரு காசும் கிடைக்காத முந்நூறாவது மனிதர் டம்ளரை வீசுகிறார்.

அடுத்தவர் நம்பரில் ஓடுவது

கத்துவது மட்டும்தான் தப்பா? ஏமாற்றுவதும் இருக்கிறது.

1904-ம் ஆண்டு அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. பிரெட் லோர்ஸ் என்பவர் முதலில் மைதானத்துக்குள் ஓடி வந்தார். ஒரே கரகோஷம்! பிறகுதான் தெரிந்தது. பாதி வழியில் மோட்டார் காரில் ஏறி வந்திருக்கிறார்! "விளையாட்டுக்குச் செய்தேன்" என்று சமாதானம் சொன்னார்.

1980-ம் ஆண்டு பாஸ்டன் நகரில் ரோசி ரூயிஸ் என்ற பெண் முதலாவதாக வந்தார். கடைசிப் பகுதியில் கூட்டத்துக்குள்ளிருந்து நுழைந்தவர் அவர். சில நாளில் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். உண்மையாக ஜெயித்தவர் ஜாக்குலின் காரோ என்ற கனடா நாட்டுப் பெண். பட்டம் அவருக்குப் பிறகு வந்தது. ஆனால் எல்லைக் கோட்டில் ஜனங்கள் கை தட்டுவார்களே, அந்த நிமிஷம்? அதை யார் திருப்பிக் கொடுப்பது?

இப்போது செருப்பிலோ, மார்பில் குத்தும் நம்பர் அட்டையிலோ சின்னக் கருவி வைக்கிறார்கள். வழியில் அங்கங்கே அது பதிவாகும். குறுக்கு வழியில் போனால் தெரிந்துவிடும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் நம் ஆட்கள். தன் நம்பரை நண்பனிடம் கொடுத்து ஓடச் சொல்வது. நல்ல நேரம் வந்தால் தன் கணக்கில் எழுதிக்கொள்வது.

இது சின்னத் திருட்டு என்று நினைக்கிறார்கள். சின்னது இல்லை. பல போட்டிகளில் நம்பர் அட்டையின் பின்பக்கம் ரத்தப் பிரிவும் வீட்டு டெலிபோன் நம்பரும் எழுதச் சொல்கிறார்கள். எதற்கு? ஓடுகிறவர் மயங்கி விழுந்தால் டாக்டர் பார்ப்பதற்கு. முருகன் நம்பரில் கந்தன் ஓடி விழுந்தால் என்ன ஆகும்? முருகன் மனைவிக்குப் போன் போகும். கந்தன் மனைவிக்குச் செய்தியே போகாது. நினைத்துப் பாருங்கள்!

பெண் பிள்ளைகள் ஓடினால்

நம் பக்கத்தில் இப்போது தொழிற்சாலைகளில் பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கும் பெண்களும் உண்டு. அவர்களில் சிலர் காலையில் ஓடுகிறார்கள். ராமநாயக்கன் ஏரிப் பக்கம் போனால் ஓடும் பெண்களைப் பார்க்கலாம்.

அவர்களில் ஒரு பெண் சொன்னாள்: "சார், தெருவில் கிண்டல் பண்றவங்களைவிட, கூட ஓடுற அண்ணாங்க தொல்லைதான் ஜாஸ்தி. பக்கத்துலேயே ஓடி வந்து, கையை இப்படி வை, காலை அப்படி வைன்னு சொல்லிட்டே வர்றாங்க. வேணாம்னாலும் விடறதில்லை."

அறிவுரை என்ற பெயரில் செய்தாலும் அது தொல்லைதான். கேட்டால் சொல்லலாம். கேட்காதபோது ஒதுங்கிப் போவது மரியாதை.

பெண்கள் ஓடுவதற்கு உலகத்தில் எவ்வளவு தடை இருந்தது தெரியுமா? 1967-ம் ஆண்டு அதே பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண் ஓடினார். அப்போது பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. இனிஷியலோடு பெயர் கொடுத்திருந்ததால் ஆண் என்று நினைத்து நம்பர் கொடுத்துவிட்டார்கள். நம்பர் 261. பந்தயம் நடக்கும்போது ஜாக் செம்பிள் என்ற அதிகாரி அவரைப் பார்த்துவிட்டார். ஓடி வந்து பிடித்து இழுத்தார். நம்பரைக் கிழிக்கப் பார்த்தார். கூட ஓடியவர்கள் அந்த அதிகாரியைத் தள்ளிவிட்டார்கள். கேத்ரின் நிற்கவில்லை. கடைசி வரை ஓடி முடித்தார்.

1972-ம் ஆண்டில் பாஸ்டனில் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. செம்பிளும் கேத்ரினும் பிற்பாடு சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். 2017-ம் ஆண்டு, தம் 70-வது வயதில், கேத்ரின் மறுபடியும் அதே 261-ம் நம்பரோடு பாஸ்டனில் ஓடினார். பிடித்து இழுத்தவர் மனம் மாறினார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். டம்ளர் வீசியவரும் மாறலாம்.

சாலை யாருக்குச் சொந்தம்?

ஓட்டக்காரர்களைச் சொன்னேன். சைக்கிள்காரர்களை விட்டுவிட முடியுமா?

ஞாயிறு காலையில் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகச் சைக்கிள் கூட்டம் வரும். சூளகிரி, குருபரப்பள்ளி தாண்டிக் கிருஷ்ணகிரி வரைக்கும் போகிறவர்கள் உண்டு. விலை உயர்ந்த சைக்கிள்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது அப்படி ஓட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது.

ஆனால் மூன்று பேர், நான்கு பேர் வரிசையாக அடைத்துக்கொண்டு போனால்? பின்னால் பூ மூட்டையோடு வரும் மொபெட்காரர் ஹாரன் அடிக்கிறார். அவரைப் பார்த்து முறைக்கிறார்கள். நேரம் தவறினால் பூவுக்கு விலை போய்விடும். அவர் அவசரத்துக்கு ஓட்டுகிறார். இவர்கள் ஆசைக்கு ஓட்டுகிறார்கள். யார் ஒதுங்க வேண்டும்?

டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ம் ஆண்டில் பிறந்த ஊர் ஓசூர். மூட்டை கட்டிப் போகிறவருக்கு அந்த மொபெட்தான் கை, கால் எல்லாம். அதை ஓட்டுகிறவரை இந்த ஊர்ச் சாலையிலேயே முறைப்பதா?

எதிர்ப்பக்கத்தில் வருவதும் உண்டு. ஒரு கிலோ மீட்டர் சுற்றுவதற்குச் சோம்பல் பட்டு எதிரே வருகிறார்கள். நம் நெடுஞ்சாலையில் லாரி வரும் வேகம் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள்காரர் உயிரும் போகும். அவரைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பும் டிரைவர் உயிரும் போகும்.

இதற்கு நல்ல விதி ஒன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். பாரிஸ் நகரில் ஒரு பழைய சைக்கிள் சங்கம் இருக்கிறது. ஆடாக்ஸ் என்று பெயர். அதன் விதிப்படி நம் நாட்டிலும் நீண்ட தூரச் சைக்கிள் பயணங்கள் நடக்கின்றன. 200 கிலோ மீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 600 கிலோ மீட்டருக்கு 40 மணி நேரம். முதல்வர், இரண்டாமவர் என்ற வரிசையே கிடையாது. சீக்கிரம் வந்தவரும், கடைசி நிமிஷத்தில் வந்தவரும் ஒன்று. ராத்திரியில் விளக்கும், ஒளி பட்டால் மின்னும் சட்டையும் கட்டாயம். இன்னொன்று: சைக்கிள் ஓட்டுகிறவர் நாகரிகமாக நடந்துகொள்ள வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

விதியில் எழுதினால் எல்லோரும் திருந்திவிடுவார்களா? மாட்டார்கள். ஆனால் கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கும். நம் பக்கத்தில் நடக்கும் ஓட்டங்களிலும் அப்படி ஒரு வரி வேண்டும் என்பது என் கட்சி. தொண்டரைத் திட்டினால் பெயரை அடித்துவிடு. அடுத்தவர் நம்பரில் ஓடினால் இருவரையும் அடுத்த ஆண்டு சேர்க்காதே. ஒரே ஒருவரை அப்படி நீக்கிப் பார்க்கட்டும். மறு வாரமே எல்லோர் நாக்கிலும் "அண்ணா", "தம்பி", "அக்கா" வந்துவிடும்.

இந்த எல்லைப்புறத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறோம். தண்ணீர் கொடுக்கிறவருக்கு எந்த மொழியில் நன்றி சொன்னாலும் புரியும். மூச்சு வாங்குகிறதா? வாய் பேச வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். டம்ளரைப் பத்தடி தள்ளி இருக்கும் கூடையில் போடலாம். வழியில் போட்டால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார்.

போட்டி நடத்துகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். குப்பை பொறுக்கும் அம்மாக்களுக்கு ஒரு பனியன் கொடுத்தீர்களா? ஓடியவர்கள் போன பிறகு, வெயிலில், அத்தனை டம்ளரையும் குனிந்து எடுத்தவர்கள் அவர்கள்தானே? நான் பார்த்த போட்டியில் அவர்களுக்குப் பொங்கல் தீர்ந்துவிட்டது.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

மணி 9 ஆகிவிட்டது. நாங்கள் மேஜையை மடக்கிக்கொண்டிருந்தோம். டம்ளர் வீசியவர் காரில் ஏறிப் போய் வெகு நேரம் ஆகிவிட்டது. அப்போது தூரத்தில் ஒரு பெண் வந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஐம்பது வயது இருக்கும். சாதாரணச் சுடிதார். அவள்தான் கடைசி.

பையன் ஓடினான். மடக்கிய மேஜையின் அடியிலிருந்து கடைசி பாட்டிலை எடுத்தான். டம்ளரில் ஊற்றினான். நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி, உள்ளங்கையில் டம்ளரை நிறுத்தி, அவள் கூடவே நான்கு எட்டு நடந்து கொடுத்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அவள் நின்றாள். முழுவதும் குடித்தாள். "நல்லா இருப்பா, ராஜா" என்றாள். டம்ளரை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று பேருமாக எல்லைக் கோட்டுக்கு நடந்தோம். அங்கே தோரணத்தைக் கழற்றிவிட்டார்கள். மெடல்களை அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி, வேனில் ஏற்றியிருந்தார்கள். "டைம் முடிஞ்சிருச்சு மேடம்" என்றார் ஒருவர்.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. பையன்தான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா முழுசா ஓடி வந்திருக்காங்க, சார். பெட்டியைத் திறங்க."

திறந்தார்கள்.